ஹாரன் அடிக்காதீர்கள், இழுக்காதீர்கள், நடிப்பு என்று சொல்லாதீர்கள்



சாலையைக் கடக்கும் ஒருவர் பாதியில் விறைத்து நின்றுவிட்டால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். குடித்திருக்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டிஃப் பர்சன் சின்ட்ரோம் என்ற நரம்பு நோயோடு வாழ்கிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எதிர்பாராத சத்தம், திடீரென்று ஒரு தொடுகை, மனப்பதற்றம் இவற்றில் எதுவானாலும் இந்த நோயாளியின் உடம்பை இறுக்கிவிடும். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் அடுத்த அடி வைக்க முடியாது. விழுந்தால் கையை ஊன்றித் தாங்கவும் முடியாது. எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஒருவர் விறைத்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து, தாழ்ந்த குரலில் “அவசரமில்லை, மெதுவா வாங்க” என்று சொல்லுங்கள். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வெடி கொளுத்தும் முன் அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சத்தத்தை விடவும் எங்களை வதைப்பது “நடிக்கிறா” என்ற பேச்சு. இந்த நோயில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் எதையும் காட்டாது. தூங்கும்போது விறைப்பு தளர்ந்துவிடும். “தூங்கும்போது நல்லாத்தானே இருக்கா” என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். தூக்கத்தில் தளர்வதும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றுதான். பாதிக்கப்படுகிறவர்களில் பெண்களே அதிகம். மந்திரிப்பதிலும் வேப்பிலை அடிப்பதிலும், மனநோய் என்று மட்டுமே நினைத்துச் செய்யும் சிகிச்சையிலும் ஆண்டுகள் கரைந்துபோகின்றன.

பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவதாகச் சொல்லப்படும் நோய் இது. கனடாப் பாடகி செலின் டியோன் 2022 டிசம்பரில் தனக்கு இந்த நோய் இருப்பதாக அறிவித்தபோதுதான் உலகில் பலர் இதன் பெயரையே கேள்விப்பட்டார்கள். ஆனால் 1956லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் மோயர்ஷும் வோல்ட்மனும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காரணம் பற்றிய துப்பு 1988இல்தான் கிடைத்தது. விறைப்பு, வலிப்பு, முதல் வகைச் சர்க்கரை நோய் மூன்றும் சேர்ந்திருந்த ஒரு நோயாளியின் இரத்தத்தில், மூளையின் நொதி ஒன்றைக் குறிவைக்கும் ஆன்டிபாடி இருந்ததை சொலிமேனா, டி கமில்லி குழுவினர் கண்டார்கள். அந்த நொதி குளூட்டமிக் ஆசிட் டிகார்பாக்சிலேஸ். ஆய்வகச் சீட்டில் ஜி.ஏ.டி. என்று இருக்கும். காபா என்ற வேதிப்பொருளை உருவாக்குவது இதுதான். நரம்புகளின் மிகையான துடிப்பை அடக்கித் தசையைத் தளரவைக்கும் வேலை காபாவுடையது. விறைப்புக்கு இந்த ஆன்டிபாடியே நேரடிக் காரணமா என்ற விவாதம் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனாலும் நோயைக் காட்டிக்கொடுக்கும் சிறந்த தடயம் அதுதான். இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களிடம், மிக அதிக அளவில், அது காணப்படுகிறது.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இதே நொதி இருக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளின் ஆன்டிபாடிகள் குறிவைப்பதும் இதைத்தான் என்று 1990இல் தெரியவந்தது. எங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்தச் சர்க்கரை நோயும் இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் பலரிடம் இந்த ஆன்டிபாடி குறைந்த அளவில் இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நரம்பு நோய் வருவதே இல்லை.

ஒல்லியான உடம்போடு நடுவயதில் சர்க்கரை நோய் வந்து, மாத்திரை சாப்பிட்டும் கட்டுப்படாமல் இளைத்துக்கொண்டே போகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது இரண்டாம் வகை அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவதால் மெதுவாக முற்றும் சர்க்கரை நோய். ஜி.ஏ.டி. ஆன்டிபாடி பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இன்சுலின் எழுதிக் கொடுத்தால் “அது பழக்கமாயிடும்” என்று பயமுறுத்தாதீர்கள். சர்க்கரை நோயோடு புரியாத விறைப்போ, நடையில் தள்ளாட்டமோ, அடங்காத வலிப்போ சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

நாங்கள் சாப்பிடும் டயாசிபாம் காபாவின் வேலைக்குத் துணைநிற்கும் மருந்து. “தூக்க மாத்திரைக்கு அடிமையாயிட்ட, நிறுத்து” என்று சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அது போதாதவர்களுக்கு இரத்தக்குழாய் வழியே இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். 16 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் அது பலன் தந்ததாக 2001இல் வெளியானது. விலை அதிகம். எந்தத் தொழிற்சாலையாலும் அதைச் செயற்கையாக உண்டாக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுப்பது அது. இரத்ததான முகாம்களில் கிடைக்கும் இரத்தத்தில் மிஞ்சும் பிளாஸ்மாவும் அந்த வேலைக்குப் போகிறது. உங்கள் ஊரில் அடுத்த முகாம் நடக்கும்போது வாருங்கள். எங்கள் வீட்டாரில் தானம் கொடுக்கத் தகுதியுள்ளவர்களும் வரிசையில் நிற்பார்கள்.