பதினொரு மணிக்குச் சீட்டு யாருக்கு?

காலை பதினொரு மணிக்கு நூற்பாலைத் தொழிலாளி எங்கே இருப்பார்? முதல் ஷிப்டில் சைடு பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய போன் மில் வாசலில் வாட்ச்மேன் கையில் இருக்கும். விவசாயத் தொழிலாளி எங்கே இருப்பார்? முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருப்பார். இவர்கள் இரண்டு பேரும் கை ஓயாமல் இருக்கிற அந்தப் பதினொரு மணிதான், ஸ்லீப்பர் வகுப்புத் தத்கல் சீட்டு விற்பனைக்கு ரயில்வே சர்க்கார் குறித்திருக்கும் முகூர்த்தம்! ஏ.சி. பெட்டிக்காரர்களுக்குப் பத்து மணிக்கே கதவு திறந்துவிடுகிறது.

மறுநாள் புறப்படும் வண்டிக்கு முதல்நாள் நடக்கும் இந்த விற்பனை சில நிமிஷங்களில் முடிந்துபோகிறது. சாப்பாட்டு மணி அடித்து, போனை வாங்கிப் பார்த்தால் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று வருகிறது. ஆனால் அதே வண்டிக்கு, அதே நாளுக்கு, மில் தெருவில் உள்ள கம்ப்யூட்டர் கடையில் சீட்டு இருக்கிறது. டிக்கெட் விலைக்குமேல் ஐந்நூறு ரூபாய் வைத்தால் கைக்கு வரும். தீபாவளி, பொங்கல் என்றால் ஐந்நூறு போதாது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில்வேயின் இணையச் சீட்டு வியாபாரத்தை 2002 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தி வருகிறது. ஒரு போன் நம்பருக்கும் ஒரு மின்னஞ்சலுக்கும் ஒரு கணக்கு. ஆதார் இணைக்காத கணக்கில் மாதம் 12 சீட்டு, இணைத்த கணக்கில் 24 சீட்டு என்பது வரம்பு. ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். சீட்டையே சரக்காக்கி விற்பவனுக்கு எந்த மூலைக்குப் போதும்? ஆகவே அவன் பத்துப் பேர் பெயரில், நூறு பேர் பெயரில் கணக்குத் திறக்கிறான். பிரயாணிகளின் பெயர், வயதையெல்லாம் முதல்நாளே எழுதி வைத்துக்கொள்கிறான். நாம் ஒரு விரலால் எழுத்தைத் தேடி அழுத்துவதற்குள், அவனுடைய மென்பொருள் கண்மூடித் திறக்கும் நேரத்தில் படிவத்தை நிரப்பிவிடுகிறது. தத்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழையப் பார்ப்பவற்றில் பாதிவரை இப்படிப்பட்ட யந்திரங்கள்தான் என்று 2025 ஜூனில் ரயில்வே இலாகாவே ஒப்புக்கொண்டது. இரண்டரைக் கோடிக் கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. இரண்டரைக் கோடி! அத்தனையும் முளைத்து வளரும்வரை இலாகா எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லையா?

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. 2017 டிசம்பரில் சி.பி.ஐ. தன் ஆபீசிலேயே வேலை பார்த்த ஓர் உதவி புரோகிராமரைக் கைது செய்தது. அதற்கு முன்னால் அவர் ஐ.ஆர்.சி.டி.சி.யில் உத்தியோகம் பார்த்தவர். தத்கல் சீட்டுகளை மொத்தமாக அள்ளும் மென்பொருள் செய்து தரகர்களுக்கு விற்றார் என்பது வழக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாமல் சீட்டு வாங்கி விற்பதைத் தொழிலாக நடத்தினால் மூன்று வருஷம்வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளக் கணக்குகளைத் திறந்து இணையச் சீட்டு விற்பதும் இந்தப் பிரிவில் அடங்கும் என்று 2025 ஜனவரி 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இணையம் நடைமுறைக்கு வருமுன் எழுதிய சட்டம் ஆயிற்றே என்ற வாதத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. சரியான தீர்ப்புத்தான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வழக்கும் இருந்தது. லைசென்ஸ் பெற்ற ஏஜெண்ட் ஒருவர் பல கணக்குகளில் சீட்டு எடுத்துக் கொடுத்தார் என்பது அது. அவர்மேல் இருந்த கிரிமினல் வழக்கு ரத்தாயிற்று. ஒப்பந்தத்தை மீறியிருந்தால் சிவில் முறையில் பார்த்துக்கொள்ளலாமாம். லைசென்ஸ் இல்லாதவனுக்குச் சிறை, இருப்பவனுக்குச் சிவில் தகராறு!

இப்போது நம் பக்கத்து விஷயத்துக்கு வருவோம். "அவன் நூறு கணக்கு வைத்திருக்கும்போது நாம் நாலு வைத்துக்கொண்டால் என்ன, தோழர்?" என்று ஆலைத் தோழர்கள் கேட்கிறார்கள். மறைப்பானேன்? பண்டிகை நாட்களில் நமது சங்க ஆபீசிலும் நாலைந்து கணக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு தோழர்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறோம். ஒரு காசு கூடுதலாக வாங்கியதில்லை. வியாபாரம் செய்யவில்லை, ஆகையால் தப்பில்லை என்றே நினைத்திருந்தோம். ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. நாம் பிடித்த அந்தப் படுக்கை யாருடையது? தரகனுடையதா? அவன் அசையவில்லை. ஸ்டேஷன் கவுண்டரில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற, போன் வைத்துக்கொள்ளாத, யாரோ ஒரு கொத்தனாருடையதோ கூலிக்காரருடையதோதான் அது. பெட்டியில் உள்ள படுக்கை எண்ணிக்கையை நமது கணக்குகள் கூட்டவில்லை. ஆகவே அந்த வேலையை நிறுத்திவிட்டோம். தன் சொந்தக் கணக்கில் தானே சீட்டு எடுக்கத் தோழர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி.

இதைவிட ஆபத்தான சங்கதி ஒன்று உண்டு. 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் தத்கல் எடுக்க முடியும். தரகன் இதற்கும் வழி வைத்திருக்கிறான். "உங்கள் ஆதாரைக் கொடுங்கள், போனில் வரும் நம்பரைச் சொல்லுங்கள், சீட்டு நான் எடுத்துத் தருகிறேன்" என்கிறான். சிரமப்பட்ட ஒரு நூற்பாலைத் தோழர் அப்படியே கொடுத்தார். ஊருக்குச் சீட்டும் கிடைத்தது. பிறகு பார்த்தால், அவர் கண்ணால் காணாத ஊர்களுக்கெல்லாம், பெயர் கேள்விப்படாத மனிதர்களுக்கெல்லாம் அவர் கணக்கிலிருந்து சீட்டுப் போயிருக்கிறது. நாளைக்கு ரயில்வே போலீஸ் தேடி வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? கடைக்காரன் வீட்டையா? சங்கம் தலையிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, அந்தக் கணக்கை மீட்டுக் கொடுக்க ஒரு வாரம் பிடித்தது.

தரகனைப் பிடிப்பது அவசியம். ஆனால் தட்டுப்பாடு இருக்கிற இடத்தில்தான் கள்ள மார்க்கெட் பிழைக்கும். அரிசிக்கு அப்படி இருந்தது, மண்ணெண்ணெய்க்கு இருந்தது, ரயில் படுக்கைக்கும் அப்படித்தான். அந்தத் தட்டுப்பாட்டைச் சர்க்காரே வருமானமாக்குகிறது. ஸ்லீப்பர் தத்கலுக்கு அடிப்படைக் கட்டணத்தில் முப்பது சதவீதம் கூடுதல், குறைந்தது நூறு ரூபாய். பிரீமியம் தத்கல் என்று ஒன்று. கிராக்கி ஏற ஏற விலையும் ஏறும். கடைக்காரன் செய்தால் பிளாக், இலாகா செய்தால் திட்டம்!

வசதிக் கட்டணத்தின் கதையைக் கேளுங்கள். 2016இல் நோட்டுச் செல்லாது என்று அறிவித்தபின் இது தள்ளுபடியாயிற்று. 2019 செப்டம்பரில் திரும்ப வந்தது. அடுத்த மாதமே ஐ.ஆர்.சி.டி.சி. பங்குகள் மார்க்கெட்டில் ஏறின. சீட்டை ரத்துச் செய்தாலும் இந்தப் பணம் திரும்பாது. 2021 அக்டோபரில் இந்த வசூலில் பாதியைத் தனக்குத் தரும்படி ரயில்வே இலாகா கேட்டது. பங்கு விலை சரிந்தது. மறுநாளே உத்தரவு வாபஸ்! பங்குக்காரர் ஒரு நாள் முனகினால் காது கேட்கிறது. ஜெனரல் பெட்டியில் கக்கூஸ் வாசலில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வருகிறவர்கள் வருஷக்கணக்கில் கத்துகிறார்கள்.

ஜெனரல் பெட்டிகளையும் ஸ்லீப்பர் பெட்டிகளையும் கூட்ட வேண்டும். பண்டிகை வண்டிகளைச் சாதாரணக் கட்டணத்தில் விட வேண்டும். கவுண்டர்களை மூடக்கூடாது; ஷிப்டு முடிந்து வருகிறவருக்கென்று சாயங்காலத்திலும் தத்கலில் ஒரு பங்கை விற்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனுவில் ஆலை வாசல்களில் கையெழுத்து வாங்கி வருகிறோம். கடையில் ஆதார் கொடுத்து வைத்திருக்கும் தோழர்கள் இருந்தால், கையெழுத்துப் போட வரும்போது போனையும் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை அங்கேயே உட்கார்ந்து செய்துவிடலாம்.