பேறுகாலமும் பெயர்ப் பதிவேடும்

பேறுகால விடுப்பிலிருக்கும் பெண் தொழிலாளியை, வேலைக்கு வரவில்லை என்று காரணம் காட்டி நீக்குதல் குற்றம் என 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2017-இல் முதல் இரு மகப்பேறுகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் இப்பாதுகாப்புகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் வந்துள்ளன.

ஆயினும் ஏட்டிலுள்ள உரிமை கைக்கு வந்து சேரும் வழி நெடியது. தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வாரச் சகாயம் கணக்கிட்ட நிர்வாகம், ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிவிட்டு 72 நாட்களுக்கே பணம் கொடுத்தது. அவள் 84 நாட்களுக்குக் கேட்டாள். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் எழுந்த அவ்வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 1977-இல்தான் ஞாயிற்றுக்கிழமைகளும் சேரும் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு நாள் கூலிக்கு இத்தனை பாடு! கருவிலுள்ள சிசு ஞாயிறன்று விடுமுறை எடுத்துக் கொள்ளும் என நிர்வாகத்தார் எண்ணினர் போலும்.

டில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் தினக்கூலி பெற்ற பெண்களுக்கும் இச்சகாயம் உண்டென்று அதே கோர்ட்டு 2000-இல் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை. ஆனால் மஸ்டர் ரோலில் பெயர் இருந்தது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்ததைக் காட்டினால்தான் சகாயம் கிட்டும். பதிவேடு இல்லாதவள் எதைக் காட்டுவாள்?

நம் நெசவாளர் வீடுகளை நோக்குவோம். சங்கத்தின் பேரேட்டில் இருப்பது பெரும்பாலும் ஆடவர் பெயரே. தார் சுற்றுபவளும் பாவு வேலைக்குக் கைகொடுப்பவளும் மனைவி, மருமகள். வயலில் நாற்று நடுபவளின் பெயரையும் எவரும் எழுதி வைப்பதில்லை. தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் எழுதப்பட்ட சட்டம் இவர்களை எட்டுவதில்லை.

செலவுக்கு எங்கே போவது என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. விடுப்புக் காலச் சம்பளம் முழுதும் ஒரே முதலாளியின் தலையில் விழும்போது, பெண்களை வேலைக்கே எடுக்காமல் தவிர்க்கும் எண்ணம் எழுகிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலோ பலரது சந்தா சேர்ந்த நிதியிலிருந்து அது வழங்கப்படுகிறது. பலர் கூடிச் சுமப்பது கூட்டுறவாளருக்குப் புதிதன்று.

ஆகவே, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவரக் கோருகிறோம்: தார் சுற்றும் பெண்களின் பெயரையும் வேலை நாட்களையும் தனிப் பதிவேட்டில் எழுதுவது, பேறுகாலத்துக்கென அங்கத்தினர் சந்தாவில் ஒரு நிதி தொடங்குவது. நிதி சேரத் தாமதமாகலாம். பதிவேட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.