ஆவினுக்குப் பால் ஊத்தாதவங்களுக்கும் ஆவின் ஏன் தேவை? 38 ரூபாய் கணக்கு இதுதான்!

திருப்பூர் பல்லடம் ரோடு, வீரபாண்டி பிரிவு. பனியன் கம்பெனி வேன்களும் சாயப்பட்டறை லாரிகளும் ஓடுகிற அந்தப் பக்கம்தான் மாவட்டக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் ஒன்றியம், அதாவது நம்ம ஆவின், இருக்கிறது. பேக்கரியில் டீ குடிக்கிற பலருக்கு இதற்கு முதலாளி யார்னு தெரியாது. அரசு கம்பெனினுதான் நினைப்பாங்க. சட்டப்படி பார்த்தால், பால் ஊற்றுகிற விவசாயிகள்தான் உறுப்பினர்கள், அவங்கதான் உரிமையாளர்கள்.

ஆனா ஊருக்குள்ள பேச்சு வேற. தனியார் பால் கம்பெனி லிட்டருக்கு ரெண்டு ரூபாய் சேர்த்துத் தர்றப்ப சொசைட்டிக்கு எதுக்கு ஊத்தணும்? நியாயமான கேள்விதான். மாட்டுத் தீவனம், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு எல்லாத்துக்கும் கையில காசு வேணும். பதில் தெரியணும்னா, பால் சொசைட்டியைத் தாண்டி எங்கே போகிறது என்று பார்க்கணும்.

38-க்கு வாங்கி 40-க்கு விற்பது எப்படி?

காலையும் மாலையும் கிராமச் சங்கத்தில் பால் அளக்கப்படுகிறது. கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்துகள் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை. அங்கிருந்து குளிர்விப்பு மையம். கறந்த சில மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்காவிட்டால் பால் கெட்டுவிடும். பிறகு ஒன்றியம், பதப்படுத்தல், பாக்கெட்.

2023 டிசம்பரில் அறிவித்தபடி பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய். அதில் 3 ரூபாய் ஊக்கத்தொகை. ஆவின் நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். ஊக்கத்தொகையைக் கழித்தாலும் இடைவெளி வெறும் 5 ரூபாய். வண்டி வாடகை, கரண்ட், பிளாஸ்டிக் கவர், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் இதுக்குள்ள அடங்குமா?

அடங்காது. விஷயம் கொழுப்பில் இருக்கிறது. நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான். பசும்பாலில் பொதுவாக அதைவிடக் கூடுதல். எடுத்த கொழுப்பு வெண்ணெயாக, நெய்யாக, ஐஸ்கிரீமாக, 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட்டாக விற்பனைக்குப் போகிறது. 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் 48-லிருந்து 60 ரூபாய் ஆனதே, ஞாபகம் இருக்கா? கார்டு இல்லாமல் வாங்குபவர்களுக்கான விலை அது.

சுருக்கமா, பாலை அப்படியே விற்றால் கூட்டுறவுக்குக் கட்டுப்படியாகாது. இயந்திரம் கையில் இருந்தால்தான் விவசாயிக்கு விலை கொடுக்க முடியும்.

பவுடர் ஆலை ஏன் இவ்வளவு முக்கியம்?

மழை பெய்து பசுந்தீவனம் கிடைக்கிற மாதங்களில் பால் பெருகும், கோடையில் குறையும். பால் குறைகிற நாளில் எல்லோரும் கூடுதல் விலை தருவார்கள். பெருகுகிற நாளில் வேண்டாம் என்று சொல்லாமல் யார் வாங்குகிறார்கள் என்பதில்தான் சோதனை.

குஜராத்தின் ஆனந்தில் 1946-ல் கெய்ரா மாவட்ட ஒன்றியத்தை விவசாயிகள் தொடங்கியபோது இதே சிக்கல்தான். குளிர்காலத்தில் எருமைப்பால் பெருகி வழிந்தது. வாங்க ஆளில்லை. எருமைப்பாலில் பவுடர் செய்யவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னார்கள். வர்கீஸ் குரியனுடன் வேலை பார்த்த எச்.எம். தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபரில் அந்த ஆலையை நேரு திறந்து வைத்தார். அமுல் வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

நம்ம பக்கத்திலும் 2020 ஊரடங்கில் இதைப் பார்த்தோம். டீக்கடை, ஹோட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் மூடியதும் தனியார் நிறுவனங்கள் பல கொள்முதலையும் விலையையும் குறைத்தன. விவசாயிகள் ஆவின் சங்கங்களைத் தேடி வந்தார்கள். ஆவின் வாங்கியது, மிச்சத்தைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றியது. ஆவினுக்கு ஒரு நாளும் ஊற்றாதவருக்கும் இதில் லாபம் உண்டு. பக்கத்தில் ஒரு சொசைட்டி திறந்திருக்கிறது என்றால், தனியார் அதற்குக் கீழே ரொம்ப இறங்க முடியாது.

அப்புறம் ஏன் விட்டுப் போறாங்க?

இதில் ஆவின் மேல் குறை இல்லையா? நிறைய இருக்கு. 2019 ஆகஸ்டில் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2022 நவம்பரில்தான், 35 ரூபாய். நடுவில் மூன்று வருஷம் தீவன விலை சும்மா இருந்ததா? 2021 மே மாதம் பாக்கெட் பால் விலை 3 ரூபாய் குறைக்கப்பட்டது. நகரத்தில் வாங்குபவருக்குச் சந்தோஷம். அந்தச் சலுகையின் பாரத்தைச் சுமந்தது மாடு வளர்ப்பவர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

2023 மார்ச்சில் பொறுமை உடைந்தது. பசும்பாலுக்கு 42, எருமைப்பாலுக்கு 51 ரூபாய் கேட்டு பால் நிறுத்தப் போராட்டம் நடந்தது. கேட்டது 7 ரூபாய் உயர்வு. ஒன்பது மாதம் கழித்துக் கிடைத்தது 3.

அதே வருஷம் மே 25 அன்று முதல்வர் ஸ்டாலின், மத்திய கூட்டுறவு அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரியில் அமுல் குளிர்விப்பு மையம் அமைத்துப் பால் வாங்கத் தொடங்குகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். ஆவினின் 9,673 சங்கங்கள் வழியாக நாளுக்கு 35 லட்சம் லிட்டர் வருவதாகவும், பால் ஊற்றுபவர்கள் சுமார் 4.5 லட்சம் பேர் என்றும் அதில் கணக்கு இருந்தது. கூட்டுறவுக்குப் போட்டியாக இன்னொரு கூட்டுறவு! எல்லைப் பிரச்னையாகவே அது பேசப்பட்டது. கூடுதலாக ஒருத்தர் விலை கேட்டு வந்தால் விவசாயிக்கு நல்லதுதானே என்ற கேள்வியைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை.

திருப்பூரில் இந்தப் போட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. பனியன் கம்பெனிக்குப் போனால் வாரச் சம்பளம் நிச்சயம். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. காங்கேயம் மாடு பேர் பெற்றது என்றாலும் அது உழவுக்கும் வண்டிக்கும்தான். பால் வருமானம் கலப்பின மாடுகளை நம்பியது. தீவனமும் வைத்தியச் செலவும் அவற்றுக்குக் கூடுதல். அந்த மாடு ஒரு தடவை சந்தைக்குப் போய்விட்டால், அடுத்த வருஷம் கொள்முதல் விலையை ஏற்றினாலும் அந்தத் தொழுவத்திலிருந்து பால் வராது.