இலை காய்கிறது, சீருடை காயவில்லை

போன மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "பள்ளிக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கி வைக்கலாமா?" என்று தலைமையாசிரியை கேட்டதும் எழுந்த சிரிப்பை நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்கவில்லை. "அடுத்து என்னங்க டீச்சர், பல்லு விளக்கி விடுவீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். யார் என்று தெரியும், எழுதமாட்டேன். அதற்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

டீச்சர் அதற்குமேல் பேசவில்லை. கழிப்பறைக் கதவு, ஆண்டுவிழாப் பந்தல் என்று பேச்சு நகர்ந்தது. டீயும் வடையும் வந்தன. எழுந்து போய்விட்டோம்.

நான் வால்பாறை பஜாரில் தையல் மெஷின் போட்டிருப்பவள். அரசாங்கம் தரும் சீருடையில் இடுப்பு பெரிதாக இருந்தால் பிடித்துக் கொடுக்க, கை நீளமாக இருந்தால் மடித்து அடிக்க என்னிடம்தான் வரும். ஜூன் பிறந்துவிட்டால் அந்தத் துணிகளில் ஒரு வாடை ஏறிவிடும். தேயிலைக் கவாத்துக் குச்சி எரிந்த புகை, அதோடு காயாமலே மடித்து வைத்த துணியின் மக்கல். காலரைத் திருப்பிப் பார்த்தால் கடுகு தெளித்தாற்போல் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். போன வருஷம் ஒரு சிறுமி சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "அக்கா, துவைச்சுதான் கொண்டாந்தேன்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே! கேட்டுக் கேட்டுப் பழக்கியிருக்கிறோம் நாம்.

அவள் என் மகளின் வகுப்புதான். ஒரு நாள் என் மகள் வந்து, "அவ பக்கத்துல உட்கார மாட்டேன், புகை நாத்தம்" என்றாள். "சரி, டீச்சர்கிட்ட சொல்லி இடம் மாத்திக்கோ" என்றேன், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. அவ்வளவுதான் நான் செய்தது. வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு 'அடுப்பு' என்று பேர் விழுந்து பல நாளாகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆடி மாதம் முழுக்க வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் அவள் வரவில்லையாம். கேட்டால் காய்ச்சல் என்பாளாம். உண்மையில், போட்டுக்கொள்ளக் காய்ந்த சட்டை இல்லை.

"வருஷத்துக்கு நாலு செட் குடுக்கிறாங்களே, துவைச்சுப் போட்டா என்ன?" என்று கூட்டத்தில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு நான்கு செட் உண்டு. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு கனத்த துணி காய மூன்று நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும். திங்கள் போட்டது வியாழன் வரை கொடியில். செவ்வாய் போட்டது வெள்ளி வரை. நடுவில் ஒன்று தம்பிக்குப் போயிருக்கும், ஒன்று குட்டையாகியிருக்கும். புதன் காலையில் அந்தத் தாய் எதை எடுத்துக் கொடுப்பாள்? தணலை ஒரு சொம்பில் போட்டு, ஈரச் சட்டையின் மேல் வைத்து இழுப்பாள். சொம்புக்குள் இருக்கும் தணலின் புகைதான் நம் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிற நாற்றம்.

மலைப்பகுதிப் பிள்ளைகள் என்று அரசாங்கம் ஸ்வெட்டரும் தருகிறது, மழைக்கோட்டும் பூட்ஸும் தருகிறது. நல்லது. கம்பளி ஸ்வெட்டர் ஒருமுறை நனைந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் துவைக்கிறவர்களுக்குத் தெரியும். பிழிய முடியாது, தொங்கவிட்டால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும், ஒரு வாரம் ஆனாலும் கை மடிப்பில் ஈரம் நிற்கும். தென்னிந்தியாவிலேயே மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு பக்கத்தில் இருந்துகொண்டு, 'துவைத்துப் போட்டால் என்ன' என்று நாம் கேட்கிறோம்.

துவைப்பது யார், எப்போது? அந்தத் தாய் காலை எட்டு மணிக்குத் தேயிலைக் காட்டில் நிற்க வேண்டும். இடுப்பில் படங்கு கட்டி, அட்டைக்கடியோடு இலை எடுத்து, எடை போட்டு வீடு திரும்ப ஐந்து, ஐந்தரை. பிறகு குழாயடிக்குப் போகலாம் என்றால் இருட்டுகிறது. இந்த மலையில் இருட்டின பிறகு சின்னப் பிள்ளையை வாசலில் விடக்கூடப் பயப்படுகிறோம். சிறுத்தை வந்த கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும், அதை நான் விரித்து எழுதத் தேவையில்லை. அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இலை எடுக்கிற குடும்பங்களின் பாடு இன்னும் மோசம். ஒரு அறையில் ஐந்தாறு பேர். அவர்கள் பிள்ளை ஈரச் சட்டையோடு வந்தால், "வடக்கத்திக்காரங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று ஒரே வரியில் தீர்ப்பு. நம் தாத்தா பாட்டியும் திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் இதே லைனுக்குத்தான் மூட்டையோடு ஏறி வந்தார்கள். இரண்டு தலைமுறையில் பஜாருக்கு வந்துவிட்டோம், வீட்டில் மெஷின் வந்துவிட்டது, மூக்கும் நீண்டுவிட்டது.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் விஷயம் தனி. கூட்டத்தில் ஆண்கள் இருந்ததால் டீச்சர் சொல்லவில்லை; நான் எழுதிவிடுகிறேன். நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. சுடிதாரில் பட்ட கறையை எங்கே அலசுவது, அலசினால் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பது? ஒரு மாற்று உடையும் காய வைக்க ஒரு இடமும் பள்ளியிலேயே இருந்தால் அந்தப் பிள்ளை மதியத்துக்கு மேலும் வகுப்பில் இருப்பாள். இல்லாவிட்டால் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீடு. அடுத்த மூன்று நாள் வரமாட்டாள்.

"பள்ளிக்கூடத்தில் துணி துவைப்பதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறோமா?" என்றும் ஒருவர் கேட்டார். கேள்விப்படாதது நம் குறை. அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலம் நெவார்க் நகரத்தில் வெஸ்ட் சைட் என்ற மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்போது அதன் முதல்வராக இருந்த அக்பர் குக், பிள்ளைகள் மாதத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வராமல் போவதற்கு என்ன காரணம் என்று தோண்டிப் பார்த்தார். அழுக்கு உடையைக் கேலி செய்கிறார்கள், அதனால் வருவதில்லை என்று தெரிந்தது. 20,000 டாலர் நன்கொடை வாங்கி, கால்பந்து அணி உடை மாற்றும் அறையைச் சலவை அறையாக்கி 2018இல் திறந்தார். அதற்கு முன்பே செயின்ட் லூயிஸ் நகரத்தில் மெலடி கன் என்ற தலைமையாசிரியை வேர்ல்பூல் நிறுவனத்திடம் கேட்டு மெஷின் வாங்கினார். அந்த நிறுவனம் 2015-16இல் இரண்டு ஊர்களில் 17 பள்ளிகளில் மெஷின் வைத்தது. கண்காணித்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரின் வருகை கூடியது, முந்தைய ஆண்டைவிடச் சராசரியாக ஆறு நாள் அதிகம் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னது. மெஷின் விற்கிறவன் சொன்ன கணக்கு. கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக வைத்தாலும் மூன்று நாள். நம் 'அடுப்பு'க்கு அந்த மூன்று நாள் கிடைத்திருந்தால் பின்னத்தைக் கோட்டைவிட்டிருக்கமாட்டாள்.

டாலர் தேசத்துக் கதை நமக்கு ஏன் என்பீர்கள். நம் கதையையே பார்ப்போம். 1956இல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடம் என்ன சோறு போடும் சத்திரமா என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள், நம்மைப் போல. அந்தக் காலத்தில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே மேசை, நாற்காலி, கரும்பலகை, சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசாங்கம் எல்லாம் தரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 2022இல் காலை உணவும் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சமைக்கிறவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தவர்கள் யார்? பெற்றோர்தான். அரசாங்கம் அரிசி கொடுத்தது, பருப்பு கொடுத்தது. கையைத் தட்டிவிட்டது நாம்.

அதனால்தான் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது காதில் விழுந்த ஒரு பேச்சை இங்கே எழுதுகிறேன். "எல்லாத்தையும் ஒரே மெஷின்ல போட்டா, நம்ம புள்ள சட்டையோட யார் யார் சட்டையோ சேருமே." யார் யார் சட்டை? அந்த வாக்கியத்தை முடித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். காலையில் நீங்கள் குடிக்கிற டீயில் யார் யார் கை பட்ட இலை சேர்ந்திருக்கிறது என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

துவைப்பது யார் என்று டீச்சரிடமே கேட்டேன், மறுநாள் போய். அவருக்கும் அதுதான் கவலை. கழிப்பறை கழுவ வரும் அம்மாவின் தலையில் கட்டக்கூடாது. பிள்ளைகளில் இன்னாரைக் கூப்பிட்டு அலசச் சொல்லும் வேலையும் நடக்கக்கூடாது. அந்த 'இன்னார்' யாராக இருப்பார்கள் என்று நம் ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். பெற்றோர் முறை வைத்து வர வேண்டும், ஆணும் பெண்ணும். வாரத்துக்கு இரண்டு பேர், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். துணியைப் போட்டு, எடுத்து, பிழிகிற தொட்டியில் சுற்றவிட்டு, கொடியில் விரிக்க வேண்டும். கடை இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு: எனக்கும் கடைதான்.

இன்னொன்று, ஏழைப் பிள்ளைகள் பட்டியல் என்று ஒன்று எழுதவே கூடாது. எழுதினால் 'அடுப்பு' போய் 'மெஷின் புள்ள' என்று பேர் வரும். பள்ளியில் படிக்கிற அத்தனை பேர் சீருடையும் போகட்டும். முதல் வாரம் நம் பிள்ளைகளுடையதுதான் முதலில் விழ வேண்டும்.

மெஷின் மட்டும் வாங்கினால் பிரச்சினை தீராது என்பதையும் துணியோடு பழகியவளாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் துவைப்பது அரை வேலை, காய வைப்பதுதான் முழு வேலை. செமி-ஆட்டோமேட்டிக் மெஷின் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும். அதன் 'டிரையர்' தண்ணீரைச் சுற்றி வெளியேற்றும், துணியைக் காய வைக்காது. காய வைக்கப் பள்ளியின் பழைய ஸ்டோர் ரூம் போதும். நாலு வரிசை நைலான் கயிறு, கீழே இரண்டு பெரிய மின்விசிறி, ஈரக்காற்று வெளியேற மேலே ஒரு எக்ஸாஸ்ட். இந்த யோசனை என்னுடையதல்ல. எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த என் அப்பாவுடையது. அங்கே பச்சை இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதி ராத்திரியோடு ராத்திரியாக வாட்டுகிறார்கள். கொட்டுகிற மழையிலும் நாலரைக் கிலோ ஈர இலை மறுநாள் ஒரு கிலோ தூளாகி மூட்டையில் ஏறிவிடுகிறது. "அந்த இலையைப் பறிச்சவளோட புள்ளைக்கு ஒரு சட்டை காய வைக்கத் தெரியாதா நமக்கு?" என்று கேட்டார் அப்பா. அவர் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யானை வந்து ஸ்டோர் ரூமை உடைத்துவிட்டால் என்று கவலைப்பட்ட அண்ணனுக்கு: யானை தேடுவது சத்துணவு அரிசியை. சோப்புத்தூள் தின்கிற யானையை இதுவரை நான் பார்த்ததில்லை.

வருகிற வெள்ளி மூன்று மணிக்கு மறுபடி கூட்டம். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் நாம்தான், பெற்றோர். நாம் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறும், தூக்காவிட்டால் இல்லை. டீச்சரைக் குறை சொல்ல இடமே கிடையாது. என் பங்குக்கு இரண்டாயிரமும், கயிறு கட்ட என் அப்பாவையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வரும்போது உங்கள் பிள்ளையின் நனைந்த ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து வாருங்கள். மேசைமேல் போட்டுவிட்டுப் பேசுவோம்.