பீடத்தில் நின்று வாக்குக் கேட்கலாமா?

தேர்தல் தேதி அறிவித்தாயிற்று என்றால் ஞாயிறுதோறும் தேவாலயங்களின் முன்வரிசையில் புது முகங்கள் தெரியத் தொடங்கிவிடும். ஆராதனை முடியும் நேரம் பார்த்து வேட்பாளர் வருவார். கட்சித் துண்டைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு வரும் விவரம் தெரிந்தவர். போதகர் அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் தொகுதி முழுக்கச் சுற்றிவிடும். அடுத்த வாரம் எதிரணி வேட்பாளர் வருவார். அவருக்கும் ஜெபம் உண்டு. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

வில்லங்கம் பிரசங்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. "யாருக்கு ஓட்டுப் போடணும்னு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்" என்று போதகர் சொல்ல, சபையில் ஒரு சிரிப்பு எழும். பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. ஆனால், புரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

தேவாலயத்துக்குள் நாட்டு நடப்பே பேசக்கூடாது என்பதல்ல நம் கட்சி. ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபமே இருக்கிறது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-ல் இடிந்தகரை மக்கள் உண்ணாவிரதம் இருந்தது லூர்து மாதா ஆலய வளாகத்தில்தான். எல் சால்வடாரில் பேராயர் ரொமேரோ, சொந்த மக்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று ராணுவத்தினரைப் பார்த்து மறையுரையில் முறையிட்டார். மறுநாளே, 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அநியாயத்தைக் கண்டும் வாய் திறக்காத பீடத்தால் யாருக்கு என்ன பயன்?

அநியாயத்தைச் சுட்டிக்காட்டுவது ஒன்று. வாக்கைத் தீர்மானித்துக் கொடுப்பது வேறொன்று. 2018-ல் டெல்லி பேராயர் அனில் கூட்டோ, அரசியல் சூழல் கொந்தளிப்பாக இருக்கிறது, நாட்டுக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்து ஜெபியுங்கள் என்று எழுதியபோது பெரும் கூச்சல் எழுந்தது. அதில் தவறு காண நம்மால் முடியவில்லை. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டு, குஜராத் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், தேசியவாத சக்திகளிடமிருந்து நாட்டைக் காக்க வேண்டும் என்று காந்திநகர் பேராயர் எழுதிய கடிதம் எல்லைக் கோட்டின் மேலேயே நின்றது. தேர்தல் அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதில் வியப்பில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இன்னாருக்கு வாக்களித்தால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வேட்பாளரோ, அவர் சம்மதத்துடன் பிறரோ நம்பவைப்பது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவுப்படி முறைகேடு. பஞ்சாபில் நாம்தாரி சீக்கியப் பிரிவின் குரு தம்மைப் பின்பற்றுவோருக்குப் பிறப்பித்த கட்டளையால் கிடைத்த ஒரு வெற்றியை 1959-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மதத் தலைவருக்கும் அரசியல் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. கேட்பவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிடக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். கோயில், மசூதி, தேவாலயம் எதுவானாலும் இதே அளவுகோல்தான்.

தேநீர்க் கடையில் அரசியல் பேசுபவரை எதிர்த்துப் பேசலாம். மேடையில் பேசுபவரைக் கேள்வி கேட்கலாம். பிரசங்கத்தின் நடுவே எழுந்து, "ஐயா, எனக்கு இதில் சம்மதமில்லை" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பிள்ளைக்கு ஞானஸ்நானம், மகளுக்குத் திருமணம், நாளைக்குக் கல்லறையில் ஓர் இடம் என எல்லாவற்றுக்கும் அதே போதகரிடம்தானே போய் நிற்க வேண்டும்?

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. சபையின் வாக்குகளை மொத்தமாக வாங்கித் தர ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், வேட்பாளர் மக்களைத் தேடி வர மாட்டார். ஆயர் இல்லத்துக்குப் போய் ஒரு சால்வை போர்த்திவிட்டுத் திரும்பிவிடுவார். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியலினத் தகுதி இல்லை என்கிறது 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் வழிவிட்ட அந்த ஆணை, இவர்களுக்கு இன்றுவரை வழிவிடவில்லை. இடையில் எத்தனை தேர்தல்கள், எத்தனை சால்வைகள்! மொத்த வியாபாரத்தில் சில்லறை மனிதர்களின் குறை எடுபடாது.

போதகர்களும் பங்குத்தந்தையரும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஓட்டுக்குப் பணம் வாங்குவது பாவம் என்று சொல்லுங்கள். மறக்காமல் போய் வாக்களியுங்கள் என்று சொல்லுங்கள். வெறுப்புக்கு இடம் கொடாதீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஊர்ப் பொது மண்டபத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, மைக்கை மக்களிடம் கொடுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.