திரை பெரிது, வாய்க்கால் சிறிது

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் கம்ப்யூட்டர் இல்லாமல் கடைக்கணக்கு இல்லை. இருப்பும் பில்லும் ஒருசேரத் தெரியட்டும் என்று நாமும் 4கே திரை ஒன்று வாங்கிப் பழைய லேப்டாப்பில் மாட்டினோம். அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்தது. "லேப்டாப்பையே மாற்றுங்கள்" என்றார் விற்றவர்.

உண்மையில் கோளாறு ஏதுமில்லை. 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 வழியே 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகும். 60 முறைக்கு 2013-இல் வந்த 2.0 வேண்டும். வயல் பெரிது, வாய்க்கால் சிறிது!

பேரேடு பார்க்க 30 போதும். நாள் முழுதும் பில் போடுவோர் திரையளவை 1920க்கு 1080 என்று குறைத்தால் அதே லேப்டாப்பில் 60 கிடைக்கும். எழுத்து சற்று மங்கும், அவ்வளவே. இதற்காகக் கைமுதலை முடக்க வேண்டியதில்லை. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்து வாங்கும் நாம், திரை வாங்குமுன் லேப்டாப்பின் இணைப்பு எந்த வகை என்றும் கேட்டு வாங்குவோமாக.