மோடத்துல சிவப்பு லைட்டு... பதில் சொல்ல ஆள் எங்கே?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம பக்கத்துல ஒரே ஒரு கார்டு போட்டோம். "மாநகரச் சிறுதொழிலுக்கு அறுந்துபோகாத ஃபைபர் இணைப்பு வேண்டும்" என்று. அவ்வளவுதான். எதிர்முகாம் நண்பர்கள் மொத்தமா இறங்கிட்டாங்க. "ரீல்ஸ் பாக்க நெட் வேணுமாம்", "அதான் 5ஜி வந்தாச்சே தம்பி", "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல ஃபைபர் ஒரு கேடா". மூணுக்கும் பதில் இருக்கு. அதுக்கு முன்னாடி கண்ணால பார்த்த ஒண்ணைச் சொல்லிடுறேன்.

திருப்பூர். எங்க மாமா ஒருத்தர் டி-ஷர்ட், நைட் பேன்ட் தச்சு ஆன்லைன்ல விக்கிறார். எட்டு மெஷின், பதினோரு பேர். ஏற்றுமதி எல்லாம் கிடையாது. ஆர்டர் ஆன்லைன்ல வரும், லேபிளை ஆன்லைன்ல எடுத்து பிரின்ட் போட்டு பாக்கெட் மேல ஒட்டணும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு கூரியர் வண்டி வந்து அள்ளிட்டுப் போகும். தீபாவளிக்கு முந்தின சேல் சமயம். காலையில பதினோரு மணிக்கு மோடத்துல சிவப்பு லைட்டு எரிஞ்சுது. தெருமுனையில ஜேசிபி பள்ளம் தோண்டிட்டு இருந்துச்சு. யாரோட வேலை, எந்த கான்ட்ராக்ட்னு பேச வரல. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து தோண்டுவார், அதே கேபிள் மறுபடி அறும்.

மாமா விவரமான ஆளு. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு கம்பெனி கனெக்ஷன் வாங்கி வெச்சிருந்தார். ரெண்டு கேபிளும் ஒரே பள்ளம் வழியாத்தான் வருதுன்னு அன்னிக்குத்தான் அவருக்கே தெரிஞ்சுது. சரி, போன் ஹாட்ஸ்பாட் போட்டார். தெருவுல இருக்கற அத்தனை யூனிட்டும் அதே நேரத்துல ஹாட்ஸ்பாட் போட்டுச்சு. டவர் திணறுது. முந்நூறு சொச்சம் லேபிள்ல தொண்ணூறு கூட வரல. அஞ்சு மணிக்கு வந்த வண்டி இருந்ததை எடுத்துட்டு கிளம்பிருச்சு. மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் லைன் வந்துச்சு. ஒட்ட வந்த பையனைத் திட்டி பிரயோஜனம் இல்ல. அந்த ஏரியாவுக்கே ஸ்பிளைசிங் மெஷின் ஒண்ணுதான், அதுக்கு முன்னாடி நாலு இடத்துல அறுந்து கிடந்துச்சாம்.

நஷ்டக் கணக்கு பாருங்க. லேட்டா அனுப்பினதுக்கு மாமாவோட ரேட்டிங் இறங்குச்சு. ரேட்டிங் இறங்குனா லிஸ்ட்ல கீழ போயிடுவார், கீழ போனா ஆர்டர் குறையும். பேக்கிங் பாக்குற நாலு அக்காங்களுக்கு பீஸ் ரேட். மூணு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு, அரை நாள் கூலி போச்சு. மாசம் 900 ரூபா பிளான்ல ரெண்டு நாளைக்குக் கழிச்சா 60 ரூபா. அந்த 60 ரூபாயும் வரல. இழப்பீடு கேட்கலாமேன்னு டிராயோட 2024 விதிமுறையை எடுத்துப் பாத்தேன். வயர் லைன் பழுதை 3 நாள் தாண்டியும் சரி பண்ணலைன்னாத்தான் இழப்பீடு. சின்னக் கடைக்காரன் 3 நாள் ஷட்டரை இறக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கணும்!

இதுல ரீல்ஸ் எங்கங்க வந்துச்சு?

இன்னிக்கு நகரத்துல இன்டர்நெட் இல்லாம நடக்குற தொழில் எதுன்னு சொல்லுங்க பார்ப்போம். காதர்பேட்டையில மொத்த வியாபாரம் பண்றவர் புது மாடல் போட்டோவை ஏத்தணும். சிவகாசி அச்சகத்துக்கு சென்னையிலிருந்து டிசைன் ஃபைல் வரணும். சின்ன ஊர் ஸ்கேன் சென்டர்ல ராத்திரி எடுக்குற சி.டி. ஸ்கேன்ல நூத்துக்கணக்கான படம் இருக்கும், அது பெரிய ஊர்ல உக்காந்திருக்கற டாக்டர் பார்வைக்குப் போய் ரிப்போர்ட்டா திரும்பி வரணும். இதெல்லாம் இங்கிருந்து அனுப்புற வேலை, அதாவது அப்லோடு. ஒரு ஷூட்டிங் முடிச்ச 20 ஜிபி போட்டோ, வீடியோவை 5 எம்பிபிஎஸ் வேகத்துல ஏத்தினா கிட்டத்தட்ட 9 மணி நேரம். ஃபைபர்ல 100 எம்பிபிஎஸ்ல ஏத்தினா 27 நிமிஷம். போட்டோகிராபர் ஒரு நாளைக்கு ஒரு வேலை முடிக்கிறாரா, மூணு முடிக்கிறாரா என்கிற வித்தியாசம் இது.

வேகத்தைக்கூட விடுங்க, விளம்பரத்துல ஜிகாபிட் வரைக்கும் போயிட்டாங்க. எத்தனை மணி நேரம் லைன் உயிரோட இருக்கும்னு எந்த விளம்பரத்துலயாவது பாத்திருக்கீங்களா? "99 சதவீதம் கிடைக்கும்"னு சொன்னா காதுக்கு நல்லாத்தான் இருக்கும். மாசத்துக்கு 7 மணி நேரத்துக்கு மேல கட்னு அர்த்தம். அதுவே 99.9 சதவீதம்னா 43 நிமிஷம். பெரிய கம்பெனிக்காரன் லீஸ்டு லைன் எடுத்து, நேரக் கணக்கை எழுத்துல ஒப்பந்தமா வாங்கிடுறான். எட்டு மெஷின் வெச்சிருக்கறவருக்கு ஒப்பந்தமும் இல்ல, உத்தரவாதமும் இல்ல, கஸ்டமர் கேர்ல பாட்டு மட்டும் கேக்கலாம்.

ஆனா அரசாங்கம் அவர்கிட்ட கேக்குறது என்ன? 2018 ஏப்ரல்ல இருந்து 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு போனா இ-வே பில். 2020 அக்டோபர்ல 500 கோடி விற்றுமுதல் கம்பெனிக்குன்னு ஆரம்பிச்ச இ-இன்வாய்ஸை இறக்கி இறக்கி, 2023 ஆகஸ்ட்ல 5 கோடி தாண்டுறவங்க வரைக்கும் கொண்டு வந்தாச்சு. ரிட்டர்ன் ஒரு நாள் லேட்டானா 50 ரூபா, வரி பாக்கி இருந்தா 18 சதவீத வட்டி. அந்த இன்டர்நெட் பில்லுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி! சட்டம் ஆன்லைன், கணக்கு ஆன்லைன், அபராதமும் ஆன்லைன். லைன் மட்டும் உன் பாடு. இது என்னங்க நியாயம்?

இப்ப 5ஜி அண்ணன்களுக்கு வர்றேன். நான் படிச்சது இன்ஜினியரிங், அதனால இந்த ஒரு இடத்துல மட்டும் கிளாஸ் எடுக்க அனுமதி கொடுங்க. டவர்ல இருந்து உங்க போனுக்குத்தான் காத்துல வருது. டவருக்கு எப்படி வருது? ஜிகாபிட் கணக்குல வேகம் வேணும்னா டவர் அடி வரைக்கும் ஃபைபர் வந்தாகணும். ஃபைபர் போகாத டவர்ல 5ஜி போர்டு மாட்டுறது, அகலமான குழாயைப் போட்டுட்டு டேங்க்குக்கு டியூப்ல தண்ணி விடுற கதைதான். அதோட காத்துல வர்றது எல்லாருக்கும் பொது. ஒரு தெரு மொத்தமா ஏறுனா என்ன ஆகும்னு மாமா கதையிலயே பாத்தோம். 2018-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட டிஜிட்டல் தொடர்புக் கொள்கையிலேயே, 2022-க்குள்ள 60 சதவீத டவர்களுக்கு ஃபைபர் போடணும்னு எழுதி வெச்சாங்க. கெடு முடிஞ்சப்ப பாதியைக்கூடத் தொடல.

அதே கொள்கையில இன்னொரு வாக்குறுதி: 2022-க்குள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ். வருஷம் 2022 வந்துச்சு, போச்சு. 2023 ஜனவரியில என்ன பண்ணாங்க தெரியுமா? "பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ்" என்று புது வரையறை அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ்ஸாம், அதனால முன்னேற்றமாம்! 50 தர்றேன்னு சொல்லிட்டு 2-க்கு கோடு போட்ட கணக்கை எந்த ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்களோ.

மாநிலத்தை மாறி மாறி ஆண்டவங்களையும் விட முடியாது. 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோற பாரத்நெட் வேலை 2020-ல் டெண்டர் ரத்தாகி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பமான கூத்தை எல்லாரும் பாத்தோம். கிராமத்துக்கு அது கட்டாயம் போகணும், அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ஊராட்சிக்கு காகிதத்துலயாவது ஒரு இலக்கு இருக்கு. மாநகரத்துச் சந்துல தொழில் பண்றவருக்கு? "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்துப்பாங்க." எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு தலையை நிமிர்த்திப் பாருங்க. ஈபி கம்பத்துல கொத்துக் கொத்தாத் தொங்குது. வேப்பமரத்துல சுத்தி, மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி வருது. உயரமா லோடு ஏத்தின லாரி ஒண்ணு போனா போதும், ஒரு வார்டே அவுட்.

இதுல வேடிக்கை என்னன்னா, 2020 ஆகஸ்ட்ல சென்னையிலிருந்து அந்தமானுக்கு கடலுக்கு அடியில சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுத் திறந்தாங்க. நல்ல விஷயம், பாராட்டுறோம். சிங்கப்பூர்ல இருந்து வர்ற கேபிளும் சென்னைக் கரையிலதான் ஏறுது. வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த கேபிளுக்கு நம்ம ஊர் மெயின் ரோட்டுல 200 மீட்டர் பத்திரமாப் போக வழியில்ல!

சரி, "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல" கேள்வி. மூணுல இதுதான் உருப்படியான கேள்வி, அதனால மரியாதையா பதில் சொல்றேன். தண்ணிக் குழாய், பாதாள சாக்கடை முதல்ல வரட்டும். நாங்களும் அதைத்தான் கேக்குறோம். ஆனா அதுக்குத் தோண்டுற பள்ளம் திறந்துதானே கிடக்கு? மண்ணைப் போட்டு மூடுறதுக்கு முன்னாடி, முறையான இடைவெளி விட்டு ஒரு காலி பிளாஸ்டிக் குழாயை ஓரமாப் போட்டா என்ன குறைஞ்சு போகுது? நிலத்தடி ஃபைபர்ல செலவின் பெரும்பகுதி அந்தக் கண்ணாடி இழைக்கு இல்லைங்க. பள்ளம் தோண்டி, மூடி, ரோட்டைத் திரும்பப் போடுறதுக்குத்தான். அந்தச் செலவை ஏற்கெனவே நம்ம வரிப்பணத்துல பண்ணியாச்சு. குழாய் போடாததால அடுத்த ஆறு மாசத்துல கம்பெனிக்காரன் அனுமதி வாங்கி மறுபடி தோண்டுறான். அவன் தோண்டும்போது தண்ணிக் குழாய் உடையுது. தண்ணிக் குழாயை ஒட்டப் போகும்போது கேபிள் அறுது. இப்படித் தாறுமாறாத் தோண்டுறதால நாட்டுக்கு வருஷம் சுமார் 3,000 கோடி ரூபா நஷ்டம்னு ஒன்றிய அரசே சொல்லிட்டு, தோண்டும் முன் தகவல் சொல்ல 2023 மார்ச்ல ஒரு ஆப் விட்டுச்சு. உங்க தெருவுல ஜேசிபி ஓட்டுற அண்ணன்கிட்ட அந்த ஆப் பேரைக் கேட்டுப் பாருங்க, சிரிப்பார்.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015-ல் ஆரம்பிச்சு 2025 மார்ச்ல முடிஞ்சுது. தமிழ்நாட்டுல 11 நகரம், திருப்பூரும் அதுல ஒண்ணு. எத்தனை தெருவைத் தோண்டினாங்க? கட்டுப்பாட்டு அறைக்கும் கேமராவுக்கும் கேபிள் போனப்ப, பக்கத்துல மக்களுக்குன்னு காலி குழாய் எத்தனை மீட்டர் போட்டாங்க? ஒவ்வொரு மாநகராட்சியும் தெருவாரியா கணக்கு வெளியிடணும். போட்டிருந்தா எங்க இருக்குன்னு மேப்ல காட்டட்டும், நாமளே கைதட்டுவோம்.

செய்ய முடியாததைக் கேக்கல. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994-லேயே சொந்தமா ஒரு நிறுவனம் ஆரம்பிச்சு, ஊர் முழுக்கக் குழாயும் ஃபைபரும் போட்டு, யார் வந்து கேட்டாலும் ஒரே நிபந்தனையில வாடகைக்கு விடுது. மாநகராட்சி இன்டர்நெட் விக்கலைங்க, பாதையை மட்டும் வெச்சிருக்கு. கம்பெனிங்க அதுல போட்டி போடுறாங்க. அவ்வளவு தூரம் போக வேணாம்னா பக்கத்துல கேரளா இருக்கு. மின்வாரியத்தைக் கூட்டாளியா வெச்சு கே-ஃபோன் ஆரம்பிச்சு, 2023 ஜூன்ல திறந்தாங்க. அதுலயும் குறை இருக்கு, தாமதம் இருக்கு. ஆனா இது அரசாங்கத்தோட பொறுப்புன்னு ஒத்துக்கிட்டாங்க இல்லையா?

நம்ம கோரிக்கை நேரடியானது. மாநகராட்சி எந்த வேலைக்கு ரோட்டைத் தோண்டினாலும் பொதுக் குழாய் போடாம மூடக் கூடாது. பில் பாஸ் பண்றதுக்கு அதை நிபந்தனையாக்கணும். அந்தக் குழாய் மாநகராட்சிக்குச் சொந்தமா இருக்கணும், எந்தக் கம்பெனிக்கும் தனி உரிமை கொடுக்கக் கூடாது, நம்ம ஊர் கேபிள் ஆபரேட்டர் அண்ணனுக்கும் அதே வாடகையில இடம் கிடைக்கணும். தொழில் நடக்குற பகுதிகளுக்கு ரெண்டு வேற வேற பாதையில லைன் வரணும், ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும். கேபிளை அறுத்தவன் செலவைக் கட்டணும். டிராய் அந்த 3 நாளை, தொழில் இணைப்புக்காவது மணிக்கணக்குக்கு இறக்கணும்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க தெருவுல இப்ப பள்ளம் திறந்து கிடந்தா ஒரு போட்டோ எடுங்க. உள்ள காலி குழாய் இருக்கா இல்லையான்னு தெரியுற மாதிரி எடுங்க. வார்டு நம்பரோட கமென்ட்ல போடுங்க. அடுத்த பகுதி சபைக் கூட்டத்துல கவுன்சிலர் எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, போட்டோவைக் காட்டி எழுத்துல மனு கொடுங்க, ரசீது வாங்க மறக்காதீங்க. மனு மாதிரிப் படிவம் முதல் கமென்ட்ல இருக்கு. பள்ளத்தை மூடுறதுக்குள்ள போங்க.

#பள்ளத்தை_மூடும்_முன்_குழாய்_போடு